பாயில் சொன்னது பாயோடு

வெள்ளறடை ஜங்ஷனில், ரப்பர் ஷீட் எடுக்கும் கடைக்கு மேலே மாடியில் என் கடை. லேப்டாப் ரிப்பேர், பிரிண்டருக்கு மை நிரப்புவது, கேமரா பொருத்துவது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் நெட்டில் நேரலை விடுவது எல்லாம் இங்கே உண்டு. கீழிருந்து ஏறி வரும் ரப்பர் நாற்றத்துக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது பழகிப் பதினாறு வருடமாகிறது. ஜிஜாவைப் பற்றி எழுத நீ யாரடா மனு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவளுக்கு அந்த லேப்டாப்பை விற்றவன் நான். அதற்குப் பூட்டுப் போட்டவன் நான். கடைசியில் பூட்டைக் கழற்றியவனும் நான். நடுவில் ஒரு பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்தான் என்னை எழுத வைக்கிறது.

ஜிஜாவுக்கு முப்பத்தாறு வயது. எங்கள் மிஷன் சபைக்காரி. சுவாலஜி படித்தவள். கணவன் பினு ரப்பர் வெட்டப் போகிறவன், ஆறாம் வகுப்பில் ஒரு மகள். கல்யாணத்துக்குப் பிறகு ஜிஜா ஏதோ கோர்ஸ் படித்து, திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் ஆஸ்பத்திரிக் காகிதம் வாசிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். விடிகாலை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவாள். கொரோனா வந்தபோது கம்பெனிக்காரர்கள் ஒரு மாடியையே காலி செய்துவிட்டு, அங்கிருந்த பெண்கள் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யும் காண்டிராக்ட் ஆட்களாக மாற்றினார்கள். லேப்டாப் அவளுடையது, கரண்ட் அவளுடையது, நெட் அவளுடையது. முதுகுவலியும் அவளுடையதுதான். அப்போதுதான் என்னிடம் வந்து ஒரு பழைய லேப்டாப் வாங்கிக்கொண்டு போனாள்.

வேலை என்னவென்றால், இந்தியாவில் எங்கோ ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இன்ஷூரன்ஸ் கேட்பான். அவனுடைய டிஸ்சார்ஜ் காகிதம், ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் இவளுக்கு ஸ்கிரீனில் வரும். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதானா, சொன்ன நோய்க்கும் செய்த வைத்தியத்துக்கும் பொருத்தம் உண்டா என்று பார்த்து டிக் போட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து பேர். சூரத்தில் ஒருவனுக்கு மூத்திரக் கல், கான்பூரில் ஒருத்திக்குக் கர்ப்பப்பை. முகம் தெரியாதவர்களின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, மத்தியானம் அடுக்களையில் போய் மரச்சீனிக் கிழங்கு அவிப்பாள்.

ஆரம்பத்தில் கட்டுப்பாடு ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக் காகிதம், பக்கத்தில் வாட்ஸ்அப், அதற்குப் பக்கத்தில் மகளின் வகுப்பு, பின்னணியில் யூடியூபில் ஞானப்பாட்டு. எல்லாம் ஒரே பிரவுசரில் ஓடும். அப்புறம் எந்த ஊரிலோ ஒரு காண்டிராக்ட் பெண்ணின் தம்பி அவள் லேப்டாப்பில் திருட்டுப் படம் இறக்கினான். படத்தோடு வைரஸும் வந்து, நோயாளிகளின் காகிதங்களை வாரிக்கொண்டு போயிற்று. கம்பெனி நடுங்கிப்போனது. சொந்த லேப்டாப்பில் வேலை செய்கிற எல்லோரும் இனி நாங்கள் தருகிற பிரவுசருக்குள் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், தேதிக்குள் போடாதவர்களுக்கு வேலை இல்லை என்று கடிதம் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. மாடு நம்முடையது, புல் நம்முடையது, மூக்கணாங்கயிறு மட்டும் அவர்களுடையதா?

ஆனாலும் போட்டுக் கொடுத்தேன். நல்ல பூட்டுதான், பொய் சொல்லக்கூடாது. அதற்குள் தெரிகிற எதையும் காப்பி எடுக்க முடியாது. பிரிண்ட் போகாது. ஸ்கிரீனைப் படம் பிடித்தால் வெறும் கறுப்பு விழும். போனில் படம் எடுத்தாலும் யார் எடுத்தது என்று தெரிய, பக்கத்தின் குறுக்கே ஜிஜாவின் பெயரும் நம்பரும் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் எழுந்து போனால் தானாக மூடிக்கொள்ளும். திரும்பத் திறக்கப் போனுக்கு ஒரு நம்பர் வரும்.

"இனி நீ நினைச்சாலும் உனக்கிட்ட இருந்து ஒரு எழுத்து வெளிய போவாது பிள்ளே" என்றேன்.

"அப்பம் நான் நிம்மதியாட்டு உறங்கலாம் அண்ணா" என்று சிரித்தாள்.

முதல் வாரம் அந்தப் பிரவுசர் எங்கள் ஊரைப் பார்த்துத் திணறியது வேறு கதை. ஜிஜாவின் வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சரிவில் இருக்கிறது. முன்னறையில் போனுக்குத் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும், அடுக்களையில் கேரள டவர். இவள் முன்னறையில் உட்கார்ந்தால், ஆள் வேறு மாநிலத்துக்கு ஓடிவிட்டாள் என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். கடைசியில் அடுக்களையை ஒட்டிய ஒரு மூலையில் மேசையைப் போட்டு, ஸ்கிரீனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். வேலை நேரத்தில் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. "எனக்க வீட்டுல சாயா எடுக்க எனக்குப் பாஸ் வேணும் போல" என்று பினு ஜங்ஷனில் சொல்லித் திரிந்தான். பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். எழுதிக் கொடுத்ததைக் கடைப்பிடிக்கிற ஜாதி அவள். அந்தப் பழக்கம் மனிதனுக்கு நல்லதா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இனி பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் செவ்வாய்க்கிழமைதோறும் மத்தியானத்துக்கு மேல் பெண்களின் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு. பாய் விரித்து, வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்கும் சங்கிலி ஜெபம். அதில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, நோயாளிக்காக ஜெபித்தால் ஆளின் பெயரையும் நோயின் பெயரையும் சொல்லி ஜெபிக்க வேண்டும். கூட்டத்தை நடத்துகிற நேசம் அம்மா, பெயர் சொல்லாத ஜெபம் விலாசம் இல்லாத தபால் என்பார். இரண்டாவது, பாயில் சொன்னது பாயோடு. எழுந்த பிறகு யாரும் வெளியே பேசக்கூடாது. அந்தப் பாயில்தான் எங்கள் ஊரின் குடிகாரப் புருஷன்மாரும் ஓடிப்போன பிள்ளைகளும் கட்டிகளும் கருச்சிதைவுகளும் நாற்பது வருடமாகக் கொட்டிக் கிடக்கின்றன. என் மனைவி ஸ்மிதா வாராவாரம் போகிறாள். நான் கிறிஸ்துமஸுக்கும் அறுவடைப் பண்டிகைக்கும் மட்டும் சபைக்குப் போகிறவன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என்னைப் பற்றி அந்தப் பாயில் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலையில் ஜிஜாவுக்கு ஒரு ஃபைல் வந்தது. அவள் எப்போதும் ஸ்கேனைத்தான் முதலில் வாசிப்பாள், பெயரை அப்புறம் ஒத்துப் பார்ப்பாள். கணையத்தில் கட்டி. கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்தது. இனி வலியைக் குறைக்க மட்டும் மருந்து. டிக் போட்டுவிட்டு, பெயரைப் பார்க்கப் பக்கத்தின் மேலே போனாள். ஈசாக், வயது ஐம்பத்தொன்று, வெள்ளறடை. வீட்டுப் பெயரும் இருந்தது.

ஈசாக் அண்ணன் ஜிஜாவின் எதிர்வீட்டுக்காரர். ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். பாடகர் குழுவில் அடிக்குரல் அவர்தான். அவர் இல்லாத ஞாயிறுகளில் பாட்டுக்குத் தரை இல்லாதது போல இருக்கும். ஜிஜாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது பாறசாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவருடைய ஆட்டோதான்.

தெரிந்தவர்களின் ஃபைல் வந்தால் உடனே திருப்பி அனுப்ப அந்தப் பிரவுசரில் ஒரு பொத்தான் உண்டு. ஜிஜா அதை அழுத்தினாள். ஃபைல் போய்விட்டது. ஆனால் வாசித்தது போகவில்லையே. காகிதத்தில் இருந்த தேதிகள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. அந்த இரண்டு நாளும் ஈசாக் அண்ணன் ஒரு கல்யாணக் கோஷ்டிக்கு வேன் ஓட்ட வேளாங்கண்ணி போயிருக்கிறார் என்று அவர் மனைவி சுகிர்தபாய் அவளிடம் சொல்லியிருந்தாள். வயிற்றுவலி அல்சர் என்றும் சொல்லியிருந்தாள். அப்படியானால் அந்த வீட்டில் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊரில் அவரையும் ஜிஜாவையும் தவிர யாருக்கும் தெரியாது. ஜிஜாவுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியாது.

பதினொரு நாள் அவள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பினுவிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் ஈசாக் அண்ணன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே பாடுவார். ஜிஜா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். சுகிர்தபாய் கறிவேப்பிலை கேட்டு வருவாள். ஜிஜா முகத்தைப் பார்க்காமல் கொடுத்து அனுப்புவாள். நடுவில் ஒரு நாள் லேப்டாப் சூடாகிறது என்று என் கடைக்கு வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "அண்ணா, ஒரு காரியம் அறிஞ்சு வச்சிருக்கிறது இவ்வளவு கனக்குமா?" என்று கேட்டாள். ஃபேனில் தூசி என்று நான் பதில் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். ஒன்பது பெண்கள். சுகிர்தபாய் செவ்வாய்க்கிழமைகளில் வருவதே கிடையாது, பஞ்சாயத்தின் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவாள். அன்றைக்கு மழை பிடித்து வேலையை நிறுத்திவிட்டார்கள். மகள் அனுமோளுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்து, எட்டு நாளில் விமானம். அதற்கு நன்றி சொல்லி ஜெபிக்கலாம் என்று நனைந்துகொண்டே வந்திருக்கிறாள். அப்போது சங்கிலி ஜெபம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஜெபத்துக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று சத்தமில்லாமல் வாசலருகே உட்கார்ந்து அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜிஜாவின் முறை வந்தது. எல்லாம் முடிந்த பிறகு ஸ்மிதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் அவள் பொதுவாகத்தான் தொடங்கினாள். வியாதிக்காரர்களைத் தொடும் ஆண்டவரே என்றாள். பிறகு குரல் உடைந்துவிட்டது. "ஈசாக் அண்ணன உனக்க கையில தாறேன் ஆண்டவரே. அந்தக் கணையத்தில உள்ள கட்டிய நீரு தொடும். கல்லீரலுக்குப் பரவினதையும் தொடும். டாக்டர்மாரு விட்டுட்டாவ, நீரு விட்டுராதேயும். அந்தச் சுகிர்தக்கா ஒண்ணும் அறியாம சிரிச்சுட்டு நடக்கா, என்னால பாக்க முடியல" என்று வாய்விட்டு அழுதாள். கடவுளிடம் சொல்வது வெளியே சொல்வது ஆகாது என்று அவள் நினைத்தாள். பாயில் சொன்னது பாயோடு நிற்கும் என்று நினைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, பெயரும் நோயும் சொல்லாமல் போனால் அந்த ஜெபம் போய்ச் சேராது என்று பயந்தாள். எங்கள் ஊரில் பிறந்த ஒருத்திக்குத்தான் அந்தப் பயம் வரும்.

வாசலருகே ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார்கள். சுகிர்தபாய் எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் மழையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஈசாக் அண்ணன் ஜிஜாவையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு மாடியேறி வந்தார். பதினாறு படிதான். நடுவில் இரண்டு தடவை நின்றார். ஜிஜாவின் முகம் வீங்கியிருந்தது. அவர் திட்டியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். எப்போது பார்த்தாள், எப்படிப் பார்த்தாள் என்று அவள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டிருந்தாள்.

"பதினொண்ணு நாளு நீ சுமந்திருக்க மக்கா" என்றார் அவளைப் பார்த்து. "இன்னும் எட்டு நாளு சுமந்திருக்கப்பிடாதா?"

ஜிஜா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

அவருடைய கணக்கு இவ்வளவுதான். அனுமோள் விமானம் ஏறும்வரை யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அவள் போக மாட்டாள். அந்தப் பிள்ளை கோட்டயத்தில் ஹாஸ்டலில் கிடந்து ஜெர்மன் படித்து, இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை ஜெயித்தவள். போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். "இப்பம் விட்டா பின்ன கிட்டாது மனு" என்றார். "எனக்க படுக்கைய மாத்திட்டு, இங்க ஏதாவது கிளினிக்கில ஊசி போட்டுட்டுக் கிடப்பா. நான் போனதுக்குப் பின்ன அவளுக்கு என்ன உண்டு? அவ போவட்டு. பின்ன நான் பைய கிடந்துக்கிடுவேன்."

"சுகிர்தக்கா என்ன சொல்லுதாவ?" என்று கேட்டேன்.

"ஜிஜாவுக்கு ஆளு மாறிப்போச்சுன்னு சொல்லியிருக்கேன். அவ பாதி நம்பிட்டா. அனுமோளு நம்பல, அவ நர்ஸாக்கும். ஜிஜாக்காட்ட நேரில கேக்கணும், மிஷினைத் தொறந்து காட்டச் சொல்லணும்ங்கா." என் பக்கம் திரும்பினார். "எலே மனு, ஈசாக்குன்னு ஊருலகத்தில நான் ஒருத்தன் தானா? ஆளு மாறாதா? மிஷினைப் பற்றி நீ சொன்னா அவ நம்புவா."

ஜிஜா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. படியேறி வந்து இன்னும் இளைக்கிற ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் காலை ஜிஜாவின் வீட்டு மூலையில் அந்த மேசையைச் சுற்றி நின்றோம். அனுமோள் நேராக லேப்டாப்பின் முன் வந்து நின்றாள். சுகிர்தபாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனுக்கு வரும் நம்பரைப் பிரவுசர் கேட்டது. அன்றைக்கென்று டவர் மாறி நம்பர் வரவில்லை. ஜிஜா போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நின்றாள். மூன்று நிமிடம் கழித்துத் திறந்தது. திருப்பி அனுப்பிய ஃபைல் எதுவும் அதில் நிற்காது. வெறும் வெள்ளைப் பக்கமும், குறுக்கே சாம்பல் நிறத்தில் ஜிஜாவின் பெயரும்தான் இருந்தன.

"அக்கா, அதில வயசு எவ்வளவு போட்டிருந்தது?" என்று அனுமோள் கேட்டாள்.

"அறுபத்து ரெண்டு."

"ஊரு?"

"கோட்டுகால். நான் பேரை மட்டும் கண்டு பயந்துட்டேன் மக்கா. பின்னதான் யோசிச்சேன்."

"மனு அண்ணா, இப்பிடி ஆளு மாறுமா?"

"மாறும் மோளே. ஒரு நாளைக்கு முப்பத்தஞ்சு பேருக்க கடலாஸ் வாசிக்கா. தலை சுத்தாதா?"

அவள் நர்ஸ். அப்பாவின் தோள் எலும்பு துருத்தியிருப்பதைப் பார்க்கத் தெரிந்தவள். ஆனால் நம்ப வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது. பொய்யே சொல்லாத ஒருத்தி சொன்ன முதல் பொய் என்பதால் அது எடுபட்டது. அனுமோள் அப்படியே ஜிஜாவைக் கட்டிக்கொண்டாள். "ராத்திரி முழுக்க உங்கள மனசில ஏசிட்டுக் கிடந்தேன் அக்கா, மன்னிக்கணும்" என்று அழுதாள். ஜிஜாவின் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அணைத்துக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை.

அந்த எட்டு நாளும் ஊர் வாய் திறக்கவில்லை. பாயில் இருந்த பெண்களில் ஒருத்தியும் ஆள் மாறிய கதையை நம்பவில்லை. நேசம் அம்மா வீடு வீடாகப் போய், எவளாவது வாயைத் திறந்தால் பாயில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒருத்தியும் திறக்கவில்லை. நாற்பது வருடத்தில் அந்தச் சட்டம் ஒரு ஓட்டையும் இல்லாமல் நின்றது அப்போதுதான். ஒரு பொய்யைக் காப்பதற்காக நின்றது.

போவதற்கு முந்தின நாள் ஈசாக் அண்ணன் மகளின் பெட்டியைக் கீழே ரப்பர் கடைத் தராசில் நிறுக்கக் கொண்டுவந்தார். மூன்று கிலோ கூடுதல். கருவாட்டை எடு என்று அனுமோள், எடுக்காதே என்று அவர். துணியைக் குறை என்று அவர், அங்கே குளிருக்கு நீங்களா போர்த்திவிடுவீர்கள் என்று அவள். நான் மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் கோபத்தில் கருவாட்டுப் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் பொட்டலத்தோடு கொஞ்ச நேரம் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றார். மறுநாள் ஒரு வாடகை ஜீப்பை அவரே ஓட்டிப் போய் அவளை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தார். அடுத்த வாரம் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

விமானம் போன மறுநாள் ஜிஜா தன் கம்பெனி மேலதிகாரி ஆர்யாவைப் போனில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். ஆர்யா அன்று சாயங்காலமே திரும்பக் கூப்பிட்டாள். "சேச்சி, ஞான் எல்லாம் நோக்கி. ஒண்ணும் புறத்து போயிட்டில்ல" என்றாள். எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் வெளியே போகவில்லையாம். காப்பி இல்லை, பிரிண்ட் இல்லை, படம் இல்லை. தெரிந்தவர் என்று கண்டதும் நாலு நிமிடத்தில் முறைப்படி திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள், உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை என்று ஆறுதலாகவும் சொன்னாள்.

"போச்சு மேடம்" என்றாள் ஜிஜா. "எனக்க வாய் வழியாட்டுப் போச்சு."

"அது எழுதித் தரண்ட சேச்சி" என்றாள் ஆர்யா, எழுத்தில் தர வேண்டாமாம். நல்ல பெண். எழுத்தில் வந்தால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஜிஜா எழுதி அனுப்பினாள். திங்கட்கிழமை காலை ஸ்கிரீனில் பெயர் ஓடவில்லை, நம்பரும் வரவில்லை. உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது.

பிரவுசரைக் கழற்றித் தரச் சொல்லி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த கோபத்தில் மேசையில் அடித்தேன். "கோட்டி உண்டா உனக்கு? பிடிபடாத கள்ளன் தானாப் போய் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பானா? ஆறு வருஷமாட்டுப் பார்த்த வேலையில்லா?"

"ஈசாக் அண்ணனுக்கு வேண்டி எட்டு நாளு பொய் சொல்லிட்டு நடந்தேன் அண்ணா. அந்தப் பிள்ளை தினமும் வந்து என்னக் கெட்டிப் பிடிச்சுட்டுப் போவும். ஒரு இடத்திலயாவது உள்ளதச் சொல்லண்டாமா?"

நான் கழற்றிக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. இப்போது அவள் பாறசாலையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் லீவு கேட்டு ஜெபத்துக்கு வருகிறாள். சங்கிலியில் அவள் முறை வந்தால் வாய் அசையும், சத்தம் வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்தவள் தொடங்கிவிடுவாள் என்று ஸ்மிதா சொல்கிறாள்.

அனுமோள் போன ஏழாவது வாரம் ஈசாக் அண்ணன் இறந்தார். கடைசிவரை போனில் மகளிடம் அல்சர் என்றேதான் சொன்னார். வீடியோ வேண்டாம், நெட் சரியில்லை என்பார். அவளால் வர முடியவில்லை. அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டைக்காகப் பாஸ்போர்ட்டை ஏதோ அலுவலகத்தில் கொடுத்திருந்தாள், கைக்கு வர இன்னும் பத்து நாளாகும் என்றார்கள். படுத்த பிறகு சுகிர்தபாயிடம் உள்ளதைச் சொன்னவர், மகளுக்காக அடக்கத்தைத் தள்ளிப்போடக்கூடாது என்று அவளிடம் சத்தியமும் வாங்கியிருந்தார். அடக்கத்துக்கு நேரலை விட்டது நான். ஒரு கேமராவைக் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அனுமோளுக்கு மட்டும் தனியாக என் போனில் வீடியோ கால் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அழவில்லை. அப்பாவின் முகத்தைக் கிட்டே காட்டச் சொன்னாள். காட்டினேன். கழுத்தைக் காட்டச் சொன்னாள், கையைக் காட்டச் சொன்னாள். நர்ஸ் பார்க்கிற பார்வை அது. பிறகு கேட்டாள்.

"மனு அண்ணா, ஜிஜாக்கா நிக்காவளா?"

ஜிஜா கூட்டத்துக்குப் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு அடியில் நின்றிருந்தாள். உள்ளே வர அவளுக்குத் தைரியம் இல்லை. நெட் போய்விட்டது என்று சொல்லி நான் போனை அணைத்திருக்கலாம். எனக்குத்தான் மிஷினைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியுமே. ஆனால் ஜிஜாவே மதிலருகே வந்து, தாரும் அண்ணா என்பது போல முகத்தைக் காட்டினாள். போனைத் திருப்பிப் பிடித்தேன்.

"அக்கா, அண்ணைக்கு நீங்க கண்டது எனக்க அப்பாக்க பேப்பர் தானே?"

"ஆமா மக்கா."

"வயசு?"

"அம்பத்தொண்ணு."

"ஊரு?"

"வெள்ளறடை."

"எட்டு நாளு உண்டாயிருந்துதே அக்கா" என்றாள் அனுமோள். "அந்த எட்டு நாளும் நான் அப்பாட்ட பெட்டிக்க எடையப் பற்றித்தான் பேசிட்டு இருந்தேன்."

ஜிஜா மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அனுமோள் போனை வைக்கவில்லை. மண் போடுவதை அவள் பார்க்க வேண்டும். நான் போனைக் குழியின் பக்கம் திருப்பினேன்.